கீரனூரிலிருந்து காரைக்குடிக்கு

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டால் எங்கள் கீரனூர்ப் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் பழனிப் பேச்சுத்தான். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து, காவடி கட்டி, கொங்கு நாட்டு ஜனங்கள் கூட்டங் கூட்டமாய்க் கால்நடையாக வருவார்கள். தண்ணீர்ப் பந்தல்காரர்கள் மோரைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள். ஊரெல்லாம் பழனியாண்டவனைத் தரிசிக்கப் புறப்படுகிற அந்த வேளையில், சென்ற பங்குனியில், நாம் கம்பனைத் தரிசிக்கக் காரைக்குடிக்குப் புறப்பட்டோம். "உள்ளூர் சாமியை விட்டுப்போட்டு எங்கே கிளம்பிட்டீங்க வாத்தியாரே?" என்று பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள்.

காரணம் ஒரு பெண். எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் படிக்கிறவள். தாய் தகப்பன் திருப்பூர் மில்லில் வேலை பார்க்க, பாட்டி வளர்க்கிற பெண். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றம் வைத்தோம். விஷயம், கும்பகர்ணனும் வீடணனும். இந்தப் பெண் எழுந்து, தேர்தல் சமயத்தில் கட்சி மாறுகிறவருக்கு வீடணனை ஒப்பிட்டு, கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி ஒரு போடு போட்டாள். கொட்டகை அதிர்ந்தது. நடுவராய் வீற்றிருந்த நமக்குக் கோபம் வந்தது. "இது டெலிவிஷன் பட்டிமன்றமல்ல, பள்ளிக்கூடம்" என்று தீர்ப்பில் ஒரு வாக்கியம் சேர்த்து, பரிசை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டோம். அவன் எழுதி வைத்ததை ஒப்பித்தவன். அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் வாய் திறப்பதை விட்டுவிட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் தெரியும் என்று முகம் சொல்லும், பேச்சு வராது. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. நம் இல்லாள் ஒருநாள், "நீங்கள் தீர்ப்புச் சொன்னது அவளுக்கா, டெலிவிஷனுக்கா?" என்று கேட்டாள். அன்றிரவு நமக்குச் சரியாய்த் தூக்கம் வரவில்லை.

டெலிவிஷன்மேல் நமக்கு அப்படி என்ன விரோதம் என்று நேயர்கள் கேட்கலாம். விரோதமொன்றுமில்லை. சிறு பிராயத்தில், கொடைக்கானல் மலைக் கோபுரத்தை நோக்கிக் கூரைமேல் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கை நொந்தவர்கள்தாம் நாமும். 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. பிறகு பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள், பட்டிமன்றம் என்று மூன்றும் சேர்ந்துகொண்டன. பொங்கல் காலையில் சாலமன் பாப்பையாவின் மதுரைத் தமிழ் கேட்காத வீடு எங்கள் தெருவில் இருந்ததில்லை. ஊர் ஊராய்ப் போய் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் மைக்கைக் கொடுத்துப் பேசச் செய்த விசுவின் 'அரட்டை அரங்க'த்தையும் நாம் விடாமல் பார்த்தோம். பார்த்து ரசித்துவிட்டு, 'இதெல்லாம் என்ன பேச்சு' என்று உதட்டைப் பிதுக்குவது படித்தவர் வழக்கம். அதில் நமக்கும் பங்குண்டு. பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர் என்பதும், பழைய சினிமாப் பாட்டா புதிய பாட்டா என்று வழக்காடி நாடெங்கும் பெயர் பெற்ற திண்டுக்கல் லியோனி நம்மைப் போல் பள்ளி ஆசிரியராய் இருந்தவர் என்பதும் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் வசதியாக மறந்திருந்தோம்.

அமெரிக்காவில் சான் டியேகோ என்ற நகரில் 1970 முதல் ஒரு ரசிகர் மகாநாடு கூடுகிறது. சித்திரக் கதைக்காரர்கள் ஆரம்பித்தது. இன்று டெலிவிஷன் தொடர்களும் சினிமாவும் அதை ஆள்கின்றன. லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடுகிறார்கள். ஆறாயிரம் பேர் அமரக்கூடிய பெரிய மண்டபத்தில் தங்களுக்குப் பிரியமான தொடரின் நடிகர்களும் கதாசிரியர்களும் வரிசையாக உட்கார்ந்து பேசுவதைக் கேட்க, முதல் நாள் இரவே பாயும் போர்வையுமாக வரிசையில் படுத்துக் கிடக்கிறார்களாம். கதாபாத்திரங்களைப் போல் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. 2024-ல் நம் சென்னை நந்தம்பாக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. பத்திரிகையில் படம் பார்த்து நாம் வியந்தோம். வியந்து முடிப்பதற்குள் ஒரு நினைவு வந்தது: ஒரே ஒரு கதையின் ரசிகர்கள் ஆண்டுதோறும் நாள் குறித்துக் கூடி, அந்தக் கதையின் பாத்திரங்களில் யார் உயர்ந்தவர் என்று மேடை போட்டுச் சண்டையிடும் மகாநாடு நம்மிடம் 1939 முதலே இருக்கிறதே! அதற்குக் கம்பன் விழா என்று பெயர். டெலிவிஷன் பட்டிமன்றத்துக்குத் தாய்வீடும் அதுதான். அந்தப் பெண்ணை அங்கே அழைத்துப் போய், அசல் எது, நகல் எது என்று காட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். (இந்தத் தீர்மானத்தில் கொஞ்சம் கர்வம் ஒளிந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.)

நாம், இல்லாள், அந்தப் பெண், அவளுடைய பாட்டி ஆக நால்வர். காரைக்குடியில் மகம், பூரம், உத்திரம் என்று மூன்று நாள் விழா. நான்காவது நாள் அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு. நாங்கள் போனது பூரத்தன்று. பழனி வரை முருகனடியார்களோடு நெருக்கியடித்துப் போய், அவர்கள் மலையை நோக்கி நடக்க, நாங்கள் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினோம். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய்க் கட்டுகளும் தக்காளிக் கூடைகளும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. திண்டுக்கல்லில் மலைக்கோட்டையைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ். நத்தம் தாண்டியதும் புளியமரச் சாலை. பிறகு கொட்டாம்பட்டி, கயிறு திரிக்கும் சிங்கம்புணரி, திருப்பத்தூர். குன்றக்குடி மலை கண்ணில் பட்டதும் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இங்கேயும் முருகன் இருக்கறான். அப்புறம் எதுக்கு வாத்தியாரே என்னை அங்கிருந்து இழுத்துக்கிட்டு வந்தீங்க?" என்றாள். அந்தக் குன்றக்குடி மடத்தின் தலைவராய் இருந்த அடிகளார் பட்டிமன்ற நடுவராய் அமர்ந்து பட்டிமன்றத்துக்கே ஒரு கௌரவம் தேடித் தந்ததை அவளுக்குச் சொன்னோம். "சாமியாரே பட்டிமன்றம் பேசுவாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் நம்மிடம் கேட்ட முதற் கேள்வி அது.

மத்தியானம் காரைக்குடியில் கம்பன் மணிமண்டபத்துக்குப் போனோம். அந்த வளாகத்திலேயே தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. 1975-ல் அடிக்கல் நாட்டி 1993-ல் திறந்தது. இரண்டுக்கும் மூலபுருஷர் சா. கணேசன். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்ட தேசபக்தர். சட்டை அணியாமல் கதர் வேட்டியும் துண்டுமாகவே வாழ்ந்தவர். 'கம்பன் அடிப்பொடி' என்று தம்மை அழைத்துக்கொண்டார். அவர் கழகம் ஆரம்பித்த காலம் சாமானியமானதல்ல. கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று நாடு இரண்டுபட்டுக் கொண்டிருந்தது. 1943-ல் அண்ணாதுரை ஒரு பக்கமும், சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் மறு பக்கமுமாய் மேடையில் வாதிட்டார்கள். அதுவும் பட்டிமன்றந்தான், ஆனால் கேட்டவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போகும் பட்டிமன்றமல்ல. கணேசன் கட்சி பார்க்கவில்லை. பொதுவுடைமைக்காரரான ஜீவானந்தமும் காரைக்குடிக்கு வந்து கம்பனைப் பேசினார். சொல் மிகப் பழையது: புகார் நகரத்தில் பட்டிமண்டபம் இருந்ததை சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சொல்கின்றன. அந்தப் பழஞ்சொல்லுக்கு மறுபடி உயிரூட்டி வளர்த்தவை கம்பன் விழா மேடைகள்தாம். இதையெல்லாம் மணிமண்டப நிழலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தோம். அவள் கேட்டாளா, எதிரே அணிலைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

மாலையில் விழா அரங்கு. குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது கணேசன் வைத்துப் போன மரபு. ஐந்து நிமிஷம் முன்னதாக நுழைந்த நமக்கே பின்வரிசைதான் கிடைத்தது. ஜனங்களைப் பார்த்தாலே ஒரு நாள் பொழுது போய்விடும். வைரத்தோடு மின்ன ஆச்சிமார்கள், கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்து நாற்காலியில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், மடியில் அட்டை கிழிந்த யுத்த காண்டம். மேடையில் ஒருவர் பாட்டைத் தொடங்கினால், அவர் முடிக்கு முன் நம் பெரியவர் உதட்டில் அது முடிந்திருக்கும். ஒரு சொல் தவறினால் 'ஸ்' என்று ஒரு சப்தம். அவரிடமிருந்து மட்டுமல்ல, நாலு திசையிலிருந்தும்! அமெரிக்க ரசிகர்கள் வேஷம் கட்டி வருகிறார்கள். நம்மவர்கள் பாட்டை மனத்தில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பட்டிமன்றம் ஆரம்பமாயிற்று. தெய்வாதீனமோ என்னவோ, விஷயம் அதேதான்: கும்பகர்ணனா, வீடணனா. பெண்ணின் பக்கம் நாம் திரும்பவில்லை. முதலிருவர் கனமாகப் பேசினார்கள். மூன்றாவதாக ஓர் அம்மாள் எழுந்தார். வீடணன் பாசறை மாறிய இடத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "தேர்தல் நெருங்கினால் நம் ஊரிலும் சிலருக்குத் திடீரென்று தர்மம் நினைவுக்கு வருகிறதல்லவா?" என்றார். அரங்கம் குலுங்கிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர்களில் நாமும் ஒருவர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் இந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தது. பெண் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, இதையேதானே எம் பேத்தி சொன்னா? அவ சொன்னா பிரைஸ் இல்லை. இந்த அம்மா சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கறீங்களே?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் பெரியவர் திரும்பிப் பார்த்தார். நாம் சமாளிக்கப் பார்த்தோம். "சிரிக்க வைத்ததோடு அந்த அம்மாள் நிற்கவில்லை, கேளுங்கள்" என்றோம். அது உண்மைதான். போர்க்களத்தில் தம்பி அண்ணனைத் தேடி வந்து, இராமன் பக்கம் வந்துவிடு என்று மன்றாடும் இடம். நீரில் எழுதிய கோலம் போன்ற வாழ்வை நம்பி, வளர்த்தவனைக் கைவிடமாட்டேன் என்ற கருத்தில் கும்பகர்ணன் விடை கொடுக்கும் இடம். அதை அந்த அம்மாள் பாட்டுப் பாட்டாகச் சொல்லி, எதிர்க்கட்சியின் பலமெல்லாம் அதில் இருப்பதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, அதன் பிறகு தம் கட்சியை நிலைநாட்டினார். சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். மணி அடித்தது, வாக்கியம் பாதியில் நிற்க, அந்த அம்மாள் வணங்கிவிட்டு அமர்ந்தார்.

"பார்த்தாயா, பாட்டு இருக்கிறது. உன் பேச்சில் பாட்டு இல்லை, ஹாஸ்யம் மட்டுந்தான் இருந்தது" என்று பெண்ணிடம் சொன்னோம். நியாயமான தீர்ப்பு என்றே அப்போது நினைத்தோம்.

அவள் நிமிர்ந்தாள். "அந்தப் பாட்டு எங்க பாடத்துல இல்லீங்க, ஐயா. நீங்களும் வகுப்புல சொல்லலை. எனக்கு டிவியில கேட்டதுதான் தெரியும்."

நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பது நமக்குச் சரியாய் நினைவில்லை. கைதட்டல் கேட்டது, எழுந்தோம்.

வாசலில் புத்தகக் கடை போட்டிருந்தார்கள். யுத்த காண்டம் உரையோடு ஒன்று எடுத்து நாம் பணத்துக்குப் பையைத் துழாவுவதற்குள், பாட்டி இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டாள். "பழனிக்கு உண்டியல்ல போட வெச்சிருந்தது. அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றாள்.

திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது நடுநிசி. உத்திரத்துக்குப் போகும் கூட்டத்தால் பஸ் நிலையம் நிரம்பியிருந்தது. காவடிகளுக்கு இடம் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டிக்கும் இல்லாளுக்கும் யாரோ புண்ணியவான்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாமும் பெண்ணும் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். அவள் ஒரு கையால் புத்தகத்தை விரித்து, பஸ் விளக்கில் கும்பகர்ணன் வதைப் படலத்தைத் தேடிப் பிடித்தாள். அருஞ்சொல் ஒன்றைக் காட்டி அர்த்தம் கேட்டாள். சொன்னோம். இன்னொன்று கேட்டாள். அதற்கு நமக்கு உடனே விடை வரவில்லை. உரையைப் பார்க்கச் சொன்னோம். ஒட்டன்சத்திரம் நெருங்குகையில், தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவென்று கண்டக்டர் விளக்கை அணைத்தார். "அண்ணா, இந்தப் பக்கம் முடியற வரைக்கும்!" என்று அந்தப் பெண் அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள். விளக்கு மறுபடி எரிந்தது.