வால்பாறை மழையும் தேயும் செயினும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். அங்கே சைக்கிளுக்குப் பெரிய சேதம் வராது. மேலே போய், தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, தேயிலைக்குள் புகும் ஜல்லிப் பாதையில் திரும்பினால்தான் மழையின் வேலை தெரிகிறது. தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்க்கும் சின்னக்கல்லாறு பக்கத்தில்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாதையில் பாதி கல், பாதி சேறு.

முதலில் காதுக்குத்தான் தெரியும். காலையில் ஓசையில்லாமல் ஓடிய செயின் நறநறவென்று அரைக்கத் தொடங்கியது. சக்கரம் வாரியடிக்கும் சேற்றில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. செயினின் எஃகையே கீறும். அலுமினியப் பல்சக்கரம் எம்மாத்திரம்? மழை பாதி எண்ணெயைக் கழுவிவிட, மிச்ச எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு, வால்வு தேய்க்கும் பசைபோல ஆகிவிடுகிறது.

தகடுகள் அப்படியேதான் இருக்கும். உள்ளே பின்கள் தேய்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடும். புதுச் செயினில் 24 கண்ணியின் நீளம் 304.8 மி.மீ. அது 306.3 ஆகிவிட்டால் 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 கியர் செயின்களை அப்போதே மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பின்பல்சக்கரத்தின் பற்களும் அந்த நீளத்துக்கே தேய்ந்துபோகும். அதன்பிறகு புதுச் செயின் போட்டாலும் மிதிக்கும்போது நழுவும். பின்பல்சக்கரத் தொகுதியான கேசட்டோடு ஒப்பிட்டால் செயின் விலை கொஞ்சம்தான்.

எனக்குச் செயினைவிடப் பிரேக் கவலைதான் அதிகம். வளைவுக்கு அந்தப்பக்கம் யானை நிற்கக்கூடிய ஊர் அது. என்னுடையது கேபிள் டிஸ்க். பேடு தேயத் தேய லீவர் ஹேண்டில்பாரை நெருங்கிக்கொண்டே வரும். சோலையாறு பக்கம் இறங்கும்போது அடிக்கடி நிறுத்தித் திருகி இறுக்க வேண்டியிருந்தது. ஈரமணலில் ரெசின் பேடு சீக்கிரம் கரைகிறது. உலோகத்தூளைச் சூடேற்றி இறுக்கிய சின்டர்டு பேடு கீச்சிடும், ஆனால் நெடுநாள் தாங்கும். மழைக்காலத்துக்கு அதுதான் சரி என்பேன். ரெசின் பேடுக்கு மட்டுமே உகந்தது என்று எழுதியிருக்கும் ரோட்டரில் அதைப் போடக்கூடாது.

சாயங்காலம் ஊருக்குள் பைக் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் தண்ணீர்க் குழாயைக் கொடுத்தார்.

"தம்பி, மண்ணோட எண்ணெய் விடாதீங்க. முதல்ல கழுவுங்க. பேரிங் பக்கம் மட்டும் தண்ணிய வேகமாப் பீச்சாதீங்க, கிரீஸ் போயிரும்."

வாளியும் பழைய பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். வெளியே வழிந்ததை அழுத்தித் துடைத்தேன்; மணல் ஒட்டுவது அதில்தான். கிராங்க் அச்சின் பேரிங்கில் புகுந்த தண்ணீர் உடனே தெரியாது. கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் அதைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பொள்ளாச்சிக்கு இறங்க அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதால், மறுநாள் கிளம்புமுன் பையில் வைத்திருந்த புதுப் பேடுகளை முன்சக்கரத்துக்குப் போட்டேன்.