கடல் பக்கத்தில் இருந்தால் தீ வராதா?

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று நம்ம வகுப்பில் கேட்டால் வருகிற பதில் சுனாமி, இல்லாவிட்டால் புயல். காட்டுத்தீ என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்காவும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்துகொண்டிருந்தபோது போனில் அவள் சொன்னது இதுதான்: "டேய், இங்கிருந்து பீச் இருபது நிமிஷம்டா. காடு எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம்? அம்மாகிட்ட சொல்லி வை, சும்மா அழுதுட்டு இருக்காங்க."

அம்மாவைச் சமாதானப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்காகத்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு அம்மாவிடம் சொல்ல ஆறுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது கிரீஸ். ஏதென்ஸுக்குக் கிழக்கே மாட்டி என்று ஒரு கடலோர ஊர். கோடை வீடுகள், பைன் மரங்கள், கீழே நீலக் கடல். 2018 ஜூலை 23 மாலை பெண்டெலி மலைப்பக்கம் பிடித்த தீ, மேற்கிலிருந்து அடித்த பேய்க்காற்றில் இரண்டு மணி நேரத்துக்குள் கடற்கரைக்கே வந்துவிட்டது. இறந்தவர்கள் 104 பேர். ஊரைக் காலி செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. திட்டமில்லாமல் கட்டிய ஊர் என்பதால் தெருக்கள் பல முட்டுச்சந்துகள், கடலுக்கு இறங்கும் வழிகளை மதில்கள் மறித்திருந்தன. 26 பேர் ஒரு வெட்டவெளியில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி கருகிக் கிடந்தார்கள். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பாதை தெரியவில்லை, அவ்வளவுதான். கடலில் இறங்கியவர்களிலும் சிலர் மூழ்கிப்போனார்கள். மற்றவர்களை மீன்பிடிப் படகுகளும் கடலோரக் காவல் படையும் வந்து தூக்கின.

சரி, காட்டில் பிடித்த தீ ஊருக்குள் எப்படி வருகிறது? சினிமாவில் வருகிற மாதிரி முப்பதடி உயர நெருப்புச் சுவர் உருண்டு வந்து வீடுகளை விழுங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிறைய வீடுகள் அப்படி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் தீக்கங்குகள்தான் வேலையைச் செய்கின்றன. ஒரு மைலுக்கு மேல்கூடப் பறக்கும். கூரை ஓரத்து மழைநீர்க் காலில் சேர்ந்த சருகில் ஒன்று விழும், பரணுக்குக் காற்று போகும் துவாரம் வழியாக இன்னொன்று நுழையும், வாசல் மிதியடியில் ஒன்று உட்காரும். தீயணைப்பு வண்டி தெருவைத் தாண்டிப் போன பிறகு வீடு உள்ளிருந்து எரிய ஆரம்பிக்கும். பிறகு ஒரு வீட்டுச் சூட்டில் அடுத்த வீடு. அமெரிக்க வனத்துறையில் பல வருடம் இதையே ஆராய்ந்த ஜேக் கோஹன் சொல்லிக்கொண்டே இருந்த விஷயம், வீடு பிழைக்குமா என்பதை அந்த வீடும் அதைச் சுற்றியுள்ள நூறடியும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன என்பது.

இது நம்ம பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதிதான். எங்கள் ஊரில் எல்லாம் ஓலைக் கூரையாக இருந்த காலத்தில், ஒரு வீடு பற்றினால் பாதிப் பேர் அங்கே ஓட மாட்டார்களாம். தன் கூரைமேல் ஏறி ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்களாம். சுயநலம் இல்லை, கங்கு எங்கே வந்து விழும் என்று தெரிந்திருந்தது!

அடுத்தது ஹவாய். இதில் எனக்கு ஒரு அதிர்ச்சி இருந்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று மௌயி தீவின் லஹைனா ஊரை எரித்த தீக்கு விறகாக இருந்தது புல். 1999-ல் அங்கே சர்க்கரை ஆலை மூடியதும் கரும்பு இருந்த நிலமெல்லாம் தரிசாகி, மாட்டுத் தீவனத்துக்காக எப்போதோ வெளியிலிருந்து கொண்டுவந்த கினியாப் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் மண்டிவிட்டன. கொழுக்கட்டைப் புல் நம்ம காங்கேயம் கொறங்காட்டில் மாடு மேய்கிற அதே புல்! இங்கே மாடு தின்று தீர்க்கிறது. அங்கே தின்ன ஆளில்லாமல் ஊர் ஓரம் வரை காய்ந்து நின்றது. காலையில் அணைத்துவிட்டதாக நினைத்த தீ மதியம் காற்றில் மறுபடி எழுந்தது. குறைந்தது 102 பேர் போனார்கள். அங்கேயும் மக்கள் கடல் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குள் குதித்தார்கள்.

தீவில் எண்பது சைரன்கள் இருந்தும் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. ஒலித்தால் ஜனங்கள் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம், அதாவது தீ இருக்கும் பக்கமே ஓடியிருப்பார்கள் என்று விளக்கம் சொன்ன அவசரகால அதிகாரி மறுநாள் ராஜினாமா செய்தார். எல்லாரும் அவரைத் திட்டினார்கள். எனக்கு அந்த விளக்கம் பொய்யாகத் தோன்றவில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. கடலோர ஜனங்களுக்கு அந்தச் சத்தம் என்றால் அலை என்று மட்டும்தான் பதிந்திருக்கிறது என்றால், தீக்கு என்ன அர்த்தம் என்று முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா?

அக்கா போன் பேசிய அந்த வாரம், மாலிபுவில் அலை வந்து தொடுகிற வீடுகளே எரிந்துகொண்டிருந்தன. பசிபிக் பாலிசேட்ஸில் ஜனங்கள் நெரிசலில் காரை விட்டுவிட்டு நடந்து தப்ப, அந்தக் கார்களை புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். ஆல்டடீனாவில் தீ பிடித்தது மாலை ஆறேகாலுக்கு. ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு வந்தது விடியற்காலை மூன்றரை மணிவாக்கில். அங்கே இறந்த 19 பேரில் ஏறக்குறைய எல்லாருமே அந்த மேற்குப் பகுதிக்காரர்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மாமாவை ஏணியில் ஏற்றிச் சருகை வாரச் சொன்னாள். துவாரங்களுக்குச் சின்னக் கண் கம்பி வலை அடித்தாயிற்று. பாஸ்போர்ட், மருந்து, பாப்பாவின் உடை எல்லாம் ஒரு பையில் கதவோரம் இருக்கிறது. உத்தரவுக்குக் காத்திருக்காமல் பலத்த காற்று எச்சரிக்கை வந்தாலே கிளம்பி சித்தப்பா பையன் வீட்டுக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். "பைப்புல தண்ணி அடிச்சுப் பார்த்துக்கலாம்" என்று ஆரம்பித்த மாமாவிடம், பாலிசேட்ஸில் ஹைட்ரன்ட்களிலேயே தண்ணீர் நின்றுபோனதைச் சொன்னேன்.

பாக்கி இருப்பது இரண்டு. சுவரை ஒட்டி முதல் ஐந்தடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்கள். அங்கேதான் அவள் இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த மல்லிகைப் பந்தல் நிற்கிறது. அதை ஒட்டி மரவேலி, பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. மல்லிகையைத் தொட்டியில் மாற்றித் தள்ளி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வேலிக்கு மட்டும் அந்தப் பக்கத்துப் பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்கிறாராம்.