மாருதி 800 இன்ஜினும் போர்வெல் தண்ணீரும்

மாருதி 800 பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்ற கார்தானே! ஆனால் பானட்டுக்குள் இருப்பது என்ன, அது எதனால் கெட்டுப் போகிறது என்று கேட்டால், பத்து வருடம் அதில் போய் வந்தவர்கள்கூட முழிப்பார்கள்.

முதலில் இன்ஜினின் ஜாதகம். பெயர் எப்8பி. பெற்றவர்கள் ஜப்பானின் சுஸுகி. அந்தக் காலத்தில் ஜப்பானில் குட்டிக் கார்களுக்கு 550 சிசிதான் எல்லை, அதைத் தாண்டினால் வரிச்சலுகை கிடையாது. அந்த விதிக்குள் அடங்கிய இன்ஜினுக்கு அண்ணன் முறை இந்த எப்8பி. மூன்று சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் தூரம் 72 மி.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இதைப் போட்டு மூன்றால் பெருக்கினால் சரியாக 796 கன செ.மீ. வரும். நம்பிக்கை இல்லாதவர்கள் கால்குலேட்டரை எடுக்கலாம் :-) ஆக, 800 என்ற பெயரில் 4 சிசி கடன்.

சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மொத்தம் ஆறு. அவற்றைத் திறந்து மூட மேலே ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், அதைச் சுற்ற ரப்பர் டைமிங் பெல்ட். கிடைக்கும் சக்தி 37 குதிரைத்திறன் அளவில். 1983 டிசம்பரில் முதல் கார் சாவி கைமாறியபோது சாலையில் இருந்தவை 1489 சிசி அம்பாசடரும் 1089 சிசி பத்மினியும். அந்த இரண்டு பீமன்களுக்கு நடுவே இந்தப் பொடியன் ஓடி ஜெயித்ததற்குக் காரணம் இன்ஜினின் பலம் இல்லை, காரின் எடை. வண்டி மொத்தமே சுமார் 650 கிலோதான்.

சிலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது 800 ஏன் குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்குகிறது? மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒரு முறைதான் வெடிப்பு நடக்கும். அதோடு மூன்று பிஸ்டன்களும் ஒரே வரிசையில் ஆளுக்கொரு நேரம் ஏறி இறங்குவதால், இன்ஜின் ஒரு முனை தூக்கி மறு முனை தாழ்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடப் பார்க்கும். இதைத் தாங்கிப் பிடிப்பது அடியில் இருக்கும் ரப்பர் மௌண்டிங்குகள். ரப்பர் செத்துப் போனால் டேஷ்போர்டு முழுக்கக் கடகடக்கும். மௌண்டிங்கை மாற்றாமல் கார்புரேட்டரைத் திருகித் திருகி ஐடிலிங்கை ஏற்றி வைத்து பெட்ரோலைக் குடிக்க விடுவது நம் ஊர் வழக்கம்.

கார்புரேட்டர் வண்டிகளில் சில்லறைத் தொல்லைகள் நிறைய. ஜெட்டில் தூசி அடைத்தால் ஐடிலிங்கில் நின்று போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகாது. சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பு சூடாகி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நடுரோட்டில் நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் சரியாகிவிடும். பொறியியல் கல்லூரியில் படிக்காத எவரும் இந்த வைத்தியத்தைச் சொல்லித் தருவார்கள். வால்வு சீல் தேய்ந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை. டேப்பட் இடைவெளி கூடினால் தையல் மிஷின் சத்தம். டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலும் மேல் மூடி ஓரத்திலும் ஆயில் கசிவு. இதில் எதுவும் வண்டியைக் கொல்லாது.

கொல்வது சூடு.

தேனிப் பக்கம் ஒரு குடும்பம். அப்பா வங்கியில் வேலை. 1998 மாடல் வண்டியை 2004-ல் இரண்டாம் கையாக வாங்கினார். அந்த வீட்டின் முதல் கார். பிள்ளைகள் இரண்டு பேரும் தினமும் துடைப்பார்கள். அம்மா வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் அப்பா வாசல் போர்வெல் குழாயில் பிடித்து ஊற்றுவார். கூலன்ட்டுக்குக் காசு எதற்கு, தண்ணீர்தானே சூட்டைத் தணிக்கிறது என்பது அவர் கட்சி. பாதி நியாயம்தான். ஆனால் போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் சோறு வடித்த பானையின் கறை மாதிரி படியும். இன்ஜினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, அது துருப்பிடிக்கும். மேலே இருக்கும் ஹெட் அலுமினியம், அதை அரிக்கும். துருவும் உப்புமாகச் சேர்ந்து செம்மண் குழம்பாகி, தண்ணீர் ஓடும் வழியையே சுருக்கிவிடும். கூலன்ட்டின் பாதி வேலை குளிர்விப்பதே இல்லை, துருவைத் தடுப்பது.

2006 மே மாதம் கொடைக்கானல் பயணம். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையப் பை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் முக்கால்வாசி தூரம் இரண்டாவது கியர்தான். இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், எதிர்க்காற்று இருக்காது. ரேடியேட்டர் மின்விசிறியை மட்டும் நம்பி நிற்கும். போதாததற்கு மேலே போகப் போகத் தண்ணீர் கொதிக்கும் நிலையும் குறையும். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தது யாருக்கும் தெரியாது.

பாதி மலையில் ஊசி சிவப்பைத் தொட்டது. அப்பா ஏசியை நிறுத்தினார். இன்னும் இரண்டு வளைவு போனபோது ஊசி தானாக இறங்கியது. "பாத்தியா, எறங்கிருச்சு" என்று நிம்மதியாக ஓட்டினார்.

அந்த நிம்மதிதான் இன்ஜினை முடித்தது. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியான கணக்கைச் சொல்லும். தண்ணீர் எல்லாம் கொதித்து வெளியேறியபின் அது வெறும் காற்றில் தொங்கியது. ஊசி இறங்கியதற்குக் காரணம் சூடு குறைந்தது இல்லை, அளக்கத் தண்ணீர் இல்லாதது. உள்ளே உலோகம் வெந்துகொண்டிருந்தது. பெருமாள்மலைக்கு முன்னால் புஸ்ஸென்று நின்றது.

மறுநாள் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்தார்கள். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். காபி நுரை மாதிரி வெளுப்பாக அப்பியிருந்தது. "சார், கேஸ்கெட் போயிருச்சு. ஆயில்ல தண்ணி கலந்திருக்கு" என்றார். அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாதாரணச் சூட்டில் இந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கேஸ்கெட் தாங்கும். அளவு மீறினால் போல்ட் இறுக்கிய ஹெட்டுக்கு விரிய இடமில்லாமல் வளைந்துவிடும், திரும்ப நிமிராது. லேத் பட்டறையில் நேர்விளிம்பை வைத்துப் பார்த்தபோது நடு சிலிண்டர் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பேஸிங் போட்டுச் சீவி, புது கேஸ்கெட், ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம், புது மூடி. பில்லைப் பார்த்துவிட்டு அப்பா வாயே திறக்கவில்லை. மகளுக்கு அந்த வருடம் வாங்குவதாகச் சொன்ன கம்ப்யூட்டர் அடுத்த வருடத்துக்குப் போனது.

இதில் மெக்கானிக்குகளையும் சும்மா விட முடியாது. வண்டி சூடாகிறது என்று போனால் பலர் முதலில் செய்வது தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிவது. நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார் என்பார்கள். அந்த வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் சூடாகும் என்பது உண்மை. மாற்றினால் முடிந்தது. பிடுங்கிவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், அதுவரை பெட்ரோலும் அதிகம், தேய்மானமும் அதிகம். இன்னொரு வைத்தியம், ஃபேன் சுவிட்ச் கெட்டால் சாவியோடு 'டைரக்ட்' கொடுத்துவிடுவது. வண்டி ஓடும் வரை ஃபேன் சுற்றும். ஒரு நாள் ஃபேன் மோட்டார் தீய்ந்து நிற்கும், அது நின்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

2000-ல் இதே இன்ஜினுக்கு எம்பிஎப்ஐ வந்தது. கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்க ஆரம்பித்தது. ஈரத்துணி வைத்தியத்துக்கு வேலை இல்லாமல் போனது. பதிலுக்கு சென்சார் கோளாறுகள் வந்தன, ஸ்குரூடிரைவரோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். ஆனால் இரும்பின் மேல் அலுமினியம் என்ற அமைப்பு அப்படியேதான் இருந்தது. ஊற்றிய தண்ணீரும் அதேதான்.

800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. இதே இன்ஜினை வைத்து ஓடிய ஆம்னி 2019 வரை வந்தது. 12 வால்வு தம்பி எப்8டி, ஆல்டோ 800-ல் 2023 வரை தாக்குப்பிடித்தது.

தேனி வீட்டில் அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காபிக்கு முன்னால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, அப்பா பானட்டைத் திறப்பார். ரிசர்வ் டப்பாவில் பச்சை நிறக் கூலன்ட் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பார். டாப்-அப் செய்யக் கேனில் கலந்த கூலன்ட் தனியாக இருந்தது. யாராவது பிள்ளைகள் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தால் சத்தம் போடுவார்.

2012-ல் வண்டியை விற்றார்கள். வாங்க வந்தவர் ஆம்னி டாக்ஸி ஓட்டியவர். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, கிலோமீட்டரைக் கேட்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திருகி விரலை விட்டு எடுத்தார். பச்சையாக இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் தடவிப் பார்த்தார். பிறகுதான் விலை பேச உட்கார்ந்தார்.