பொடி எழுத்துச் சரக்கு

காசிமேட்டில் ஒரு மருந்துக் கடை. மீன் விற்று முடித்து வந்த அக்கா ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைக் காட்டிக் கேட்டார்: "இன்னாண்ணே, மீன நாங்க விக்கிறோம், அதோட எண்ணெய நாங்களே காசு குட்த்து வாங்கணுமா?" கடைக்காரர் சிரித்துச் சமாளித்தார். நான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் பெரிதாக 1000 மி.கி. பின்னால், அதற்குள் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. ஆக ஒமேகா 3 வெறும் 300. மீதி வேறு கொழுப்பு. அதற்கும் கீழே பொடி எழுத்தில்: ஜெலட்டின், கிளிசரின், டோகோஃபெரால். சத்துக் கணக்கில் வராத இந்தக் கடைசி வரியில்தான் பாதி சங்கதி.

*

டோகோஃபெரால் என்பது வைட்டமின் ஈ. இங்கே அதைச் சேர்ப்பது நமக்காக அல்ல, எண்ணெய்க்காக. மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். விசைப்படகில் மீனுக்கு ஐஸ் எப்படியோ, எண்ணெய்க்கு டோகோஃபெரால் அப்படி.

காறிய எண்ணெயில் ஆல்டிஹைடுகள் உண்டாகும். அவை மாத்திரை உறையிலுள்ள ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குத் துணை. பிணைந்த உறை லேசில் கரையாது. கடலோர ஊரில் வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாத்திரை அடுக்கும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

*

மீன் ஏப்பம் வராதிருக்க, இரைப்பையில் கரையாமல் குடலில் போய்த் திறக்கும் பூச்சு போடுகிறார்கள். நல்ல யோசனை. அதே பூச்சை இரும்புச்சத்து மாத்திரைக்குப் போட்டால் நஷ்டம். இரும்பை உடல் பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதியிலேயே எடுத்துக்கொள்கிறது. பூச்சு அதைத் தாண்டித் திறந்தால் இரும்பு வீணாக வெளியேறும்.

*

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை வாசலில் கர்ப்பிணிப் பெண்கள். 2018இல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் அவர்களுக்கு தினம் ஒரு மாத்திரை: 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், சிவப்பு நிறச் சர்க்கரைப் பூச்சு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று: வளரிளம் பருவத்தினருக்கு நீலம், சின்னவர்களுக்கு இளஞ்சிவப்பு. சர்க்கரையும் சாயமும் ரத்தத்தை ஊறவைக்காது. ஆனால் இரும்பின் துவர்ப்பை மறைக்கின்றன. நிறத்தைப் பார்த்தே யாருடையது என்று தெரிகிறது. விழுங்காமல் ஜன்னல் வழியே வீசிய மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இருந்தால் என்ன?

*

மெக்னீசியம் ஸ்டியரேட். தூள் இயந்திர அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்ப்பது. கொழுப்புச் சாதி, தண்ணீருக்கு ஆகாது. அளவு கூடினாலோ, அதிக நேரம் கலந்தாலோ, தூளை மூடிக்கொண்டு மாத்திரை உடைவதைத் தாமதப்படுத்தும். அதை ஈடுகட்ட கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம்; தண்ணீர் பட்டதும் உப்பி மாத்திரையைப் பிளக்கும். பூச்சில்லாத சாதாரண மாத்திரை 37 டிகிரி நீரில் 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும் என்பது இந்திய மருந்தியல் நூலின் விதி.

கால்சியம் கார்பனேட் மாத்திரையை வீட்டிலேயே சோதிக்கலாம். வினிகரில் போட்டு அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அப்படியே கல்லாகக் கிடந்தால் வயிற்றிலும் அதே கதையாகலாம்.

*

1968, ஆஸ்திரேலியா. ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து. நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு அதேதான். ஆனால் ரத்தத்தில் அது எகிறியது. பலருக்கு நச்சு அறிகுறிகள். முன்பு கால்சியம் பிடித்து வைத்திருந்ததை லாக்டோஸ் பிடித்து வைக்கவில்லை. இது சத்து மாத்திரை இல்லைதான், ஆனாலும் 'சும்மா நிரப்பி' என்று எதையும் ஒதுக்க முடியாது.

*

மருந்தோடு எது சேர்கிறது என்பதும் முக்கியம் என்பது சித்த வைத்தியர்களுக்குப் புதிதல்ல. ஒரே பற்பத்தைத் தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா என்று நோய்க்குத் தக்கபடி அனுபானம் மாற்றிக் கொடுப்பார்கள்.

*

ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல், பன்றித் தோல், மீன் தோல் எதிலிருந்தும் வரலாம். வேண்டாதவர்களுக்கு மாற்று உண்டு. ராமநாதபுரம் கரையில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து காராஜீனன் எடுக்கலாம். எண்ணெய் அடைத்த சைவ மாத்திரைகளின் உறைக்கு அது பயன்படுகிறது.

*

சத்து மாத்திரைகள் பெரும்பாலும் உணவுப் பட்டியலில் வருபவை. மருந்து உரிமம் இருக்காது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்கும். அந்த எண் உரிமத்துக்குச் சாட்சி. வயிற்றில் எப்போது கரையும் என்பதை அது சொல்லாது.

வாங்கும்போது பார்க்க: காலாவதித் தேதி. மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா. மூடியைத் திறந்ததும் காறல் வாடை அடிக்கிறதா. இரும்பு என்றால் பூச்சு எந்த வகை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். எழுத்து தெரியவில்லை என்றால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லலாம். 1000 என்று கொட்டை எழுத்தில் போட்டதற்கு மட்டுமா காசு கொடுக்கிறோம்?