விடியுமுன் தோற்கும் டெஸ்ட்

திங்கள்

பூமண்டி செயலியின் ‘இன்றைய பில்’ டெஸ்ட் மறுபடியும் சிவப்பு. ஒரு வரிகூட மாற்றாமல் காலை எட்டு மணிக்கு ஓட்டினால் பச்சை. சென்னையிலிருந்து உடன் வேலை பார்க்கும் தம்பி, “ஃபிளேக்கி டெஸ்ட்தாண்ணே, ரீ-ரன் குடுத்துருங்க” என்றார். எனக்கு மனம் வரவில்லை. பச்சை வரும்வரை ஓட்டுவது, வந்த புகாரைக் கேட்காமலே ஆளைத் திருப்பி அனுப்புகிற மாதிரி. கூகிளிலேயே ஏறக்குறைய 16 சதவீத டெஸ்ட்கள் ஓரளவு இப்படித் தடுமாறுவதாக 2016-ல் எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலும் தீராத தொல்லை.

செவ்வாய்

இதேபோல் தடுமாறிய விலைப்பட்டியல் டெஸ்டை முதலில் முடித்தேன். பக்கம் திறந்து இரண்டு விநாடி கழித்து மல்லிகை விலையைப் படிக்கும்படி இருந்தது. சர்வர் மெதுவானால் விலை வருமுன்பே படித்துவிடும். விநாடிக் கணக்கை எடுத்துவிட்டு, விலை திரையில் தெரியும்வரை காத்திருக்கச் செய்தேன். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் அப்பாச்சி திட்டங்களை ஆராய்ந்தபோதும், வகைப்படுத்த முடிந்த தடுமாற்றங்களில் சுமார் 45 சதவீதத்துக்கு இந்தக் காத்திருப்புக் கோளாறுதான் காரணம்.

புதன்

‘இன்றைய பில்’ டெஸ்ட் சிவப்பான ரன்களின் நேரத்தை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே நள்ளிரவுக்கும் 5.30-க்கும் நடுவில். அந்த ஐந்தரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. டெஸ்ட் ஓடும் மெஷின் இந்திய நேரத்தில் இருக்கிறது, டேட்டாபேஸ் யுடிசி-யில். இங்கே தேதி பிறந்தும் ஐந்தரை மணிநேரம் அதற்கு நேற்றுதான்.

வேறு தொழிலுக்கான செயலியாக இருந்தால் இது வெளியே தெரியாமலே கிடந்திருக்கும்; அந்நேரத்தில் யார் பில் போடுகிறார்கள்? பூவுக்கு அப்படியல்ல. வெள்ளோடு, ஆத்தூர், செம்பட்டிப் பக்கத்தில் இருட்டிலேயே பறித்துக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நாலரை மணிப் பில் முந்தைய நாள் கணக்கில் ஏறினால் முந்தைய நாள் விலைதான் விழும். முகூர்த்தத்துக்கு மல்லிகை ஒரே இரவில் எப்படி ஏறும் என்பது திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்கும் தெரியும். பறித்தவர் கைக்குப் போகவேண்டிய காசு அது. செயலி மண்டிக்குப் போகுமுன்பே அந்த டெஸ்ட் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வியாழன்

நேரத்தை யுடிசி-யிலேயே சேமித்து, பில் தேதியை மட்டும் ஆசியா/கொல்கத்தா நேரப்படி கணக்கிடும்படி மாற்றினோம். டெஸ்டுக்குள் கடிகாரத்தையும் நிறுத்திவைத்தேன்: 12.01, 4.30, 5.29, 5.31. இனி எந்நேரம் ஓட்டினாலும் நான்கும் சோதிக்கப்படும்.

மாலையில் தம்பி கூப்பிட்டார். பழைய ரீ-ரன்களை எல்லாம் அவரும் நேரவாரியாக அடுக்கிவிட்டார். மாத அறிக்கை டெஸ்ட் ஒன்றாம் தேதி விடிகாலையில் மட்டும் தோற்கிறதாம். நாளை அதைப் பிரிக்கிறோம்.