குரலே பெயர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பாதையில், பொழுது சாயும் நேரத்தில், நீங்கள் எப்போதாவது செம்மறிக் கிடை அருகே நின்றிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை நின்று பாருங்கள். காதை மட்டும் பொத்திக் கொள்ளாதீர்கள்!

பகலெல்லாம் தாயாடுகள் காய்ந்த தரிசில் மேயப் போய்விடும். இளங்குட்டிகள் கூடாப்புக்குள் அடைந்து கிடக்கும். மந்தை திரும்பியதும் கூடாப்பைத் தூக்கி விடுவார்கள். அப்புறம் ரெயிலடியில் கலியாண கோஷ்டி இறங்கின மாதிரிதான். அத்தனை தாய்களும் அத்தனை குட்டிகளும் ஒரே சமயத்தில் கத்தும். நம் காதுக்கு எல்லாம் ஒரே 'மே'. ஆனால் சற்றைக்கெல்லாம் இரைச்சல் அடங்கி, ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியை முட்டிக் கொண்டிருக்கும். வேறு குட்டி வந்தால் தாய் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடும். எட்டத்தில் குரல், கிட்டத்தில் வாசனை. அதுதான் அதன் கணக்கு.

"அதெப்படி?" என்று ஒரு கீதாரியிடம் கேட்டேன். "ஏன் தாயி, பள்ளிக்கூடத்து வாசல்லே உங்க பிள்ளை கூப்பிட்டா உங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

கடலில் டால்பின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மன்னார் வளைகுடாவில் ஓங்கில் என்பார்களே, அதுதான். பிறந்து ஓராண்டு ஆவதற்குள்ளேயே தனக்கென்று ஒரு சீழ்க்கை மெட்டை அமைத்துக் கொள்ளும். 1965-ல் அமெரிக்காவில் கால்டுவெல் தம்பதி இதை எழுதினார்கள். அந்த மெட்டை வேறொருவர் ஒலித்தால் அது பதில் கொடுக்கிறது என்று 2013-ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள். நாம் பெயர் வைத்துக் கூப்பிடுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆட்டுக்குட்டி மெட்டு அமைப்பதில்லை. தொண்டையின் வாகுதான் அதன் அடையாளம்.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. லண்டன் சர்வகலாசாலைக்காரர்கள் 2012-ல் வெள்ளாடுகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். குட்டிகளைப் பிரித்து ஏழு மாதம் முதல் பதின்மூன்று மாதம் வரை ஆனபிறகு, அவற்றின் பழைய குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். தாய்கள் மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், குட்டியைச் சந்தையில் விற்றுவிட்டு வந்தால், "ரெண்டு நாள் கத்தும், அப்புறம் மறந்துடும்" என்பார்கள். பிள்ளையின் காலேஜ் சம்பளத்துக்காகப் போன மாதம் நாங்களும் ஒரு கிடாக்குட்டியை விற்றோம். வேறு வழியில்லை. தாய் நாலு நாள் கத்திற்று. இப்போது கத்துவதில்லை, நன்றாகத் தின்கிறது. தெருவில் ஏதாவது குட்டி கத்தினால் மட்டும், வாயில் தழையுடன் அப்படியே தலையைத் தூக்கி நிற்கிறது. அது தன் குட்டியின் குரல் இல்லை என்று தெரிந்ததும், மறுபடியும் அசை போடுகிறது.