முதல் சீட்டு எது?

நியூயார்க்கில் பார்க்க வேண்டியவை என்று எல்லாரிடமும் ஒரு ஜாபிதா இருக்கிறது. சுதந்திர தேவி சிலை, எம்பயர் ஸ்டேட் கட்டடம், நடுநிசியிலும் பட்டப்பகல் போல் ஜொலிக்கும் டைம்ஸ் சதுக்கம். இவற்றையெல்லாம் நீங்கள் படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். ஆகையால் இன்று உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். பாதாள ரயில் ஏறிப் புரூக்ளினுக்கு வாருங்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் விசேஷம்!

நம்மோடு ஒரு பையனும் வருகிறான். என் சினேகிதரின் பேரன், பன்னிரண்டு வயது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காரணத்தைக் கேளுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிப் படமும் தபால் தலையும் சேர்த்தார்கள் அல்லவா? அது போல அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படச் சீட்டுகளைச் சேர்க்கிறார்கள். முன்பக்கம் படம்; பின்பக்கம் ஆட்டக் கணக்கு. பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே இந்தப் பைத்தியம் அதிகம். ஒரே ஆட்டக்காரருக்கு வருஷா வருஷம் சீட்டு வரும். ஆனால் கிராக்கியெல்லாம் 'ரூக்கி கார்டு' என்பதற்குத்தான். ரூக்கி என்றால் புதிதாகக் களத்தில் இறங்கியவர். பிற்காலத்தில் அவர் சூரப்புலி ஆகிவிட்டால், பேர் தெரியாத நாளில் வந்த அந்தச் சீட்டைத் தேடி அலைவார்கள். அப்போது பேர் தெரியாததால் அதைப் பத்திரப்படுத்தியவர்களும் குறைவு. விலை ஏறக் கேட்பானேன்?

நம் பையன் பனிக்காலம் முழுவதும் அண்டை வீட்டு வாசல்களில் பனியை வாரி அறுபது டாலர் சம்பாதித்தான். அதைக் கொடுத்து ஓர் இளம் ஆட்டக்காரரின் சீட்டை வாங்கினான். அதன்மேல் 'முதல்' என்று ஒரு முத்திரை. கடைக்காரர் ரூக்கி கார்டு என்று சொல்லித்தான் விற்றாராம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள், "இது ரூக்கி கார்டே இல்லை!" என்று கைகொட்டிச் சிரித்துவிட்டார்கள்.

"முதல் என்று அச்சடித்திருக்கிறதே தாத்தா! அப்புறம் எப்படி முதல் இல்லை?" என்று கேட்கிறான்.

நியாயமான கேள்வி. ரயில் புரூக்ளின் சேருவதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வந்த சீட்டெல்லாம் ரூக்கி கார்டு ஆகிவிடாது. நாடு முழுவதும் விற்பனையாகும் வழக்கமான வரிசையில் வந்திருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் மட்டும் வந்தது செல்லாது என்பது சேகரிப்பாளர்களின் பழைய சம்பிரதாயம். பிற்பாடு கம்பெனிகள், பெரிய லீகுக்கு வராத பயிற்சிப் பிள்ளைகளுக்கும் சீட்டுப் போட ஆரம்பித்தன. எது ரூக்கி என்று ஒரே குழப்பம்! ஆகவே 2006-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தார்கள். பெரிய லீக் அணியில் இடம் பெற்ற பிறகு வருவதே ரூக்கி கார்டு. அதற்கு 'ஆர்.சி.' என்று தனி முத்திரை உண்டு. பையனுடைய சீட்டிலுள்ள 'முதல்' என்ற முத்திரைக்கு, அந்தக் கம்பெனியின் வரிசையில் அவருக்கு முதல் சீட்டு என்று மட்டுமே அர்த்தம்.

ஆனால் விலை இந்த விதிக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. மைக் டிரவுட் என்ற ஆட்டக்காரர் பெரிய லீகில் இறங்கியது 2011-ல். முத்திரை பெற்ற ரூக்கி கார்டும் அந்த வருஷத்தியதே. ஆனால் 2009-ல் பௌமன் வரிசையில் ஒரே ஒரு பிரதியாக அச்சான அவருடைய சீட்டு, 2020-ல் சுமார் 39 லட்சம் டாலருக்குப் போயிற்று!

மிக்கி மேன்டில் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய ரூக்கி கார்டு 1951-ல் பௌமன் கம்பெனி போட்டது. மறு வருஷம் புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் கம்பெனியும் ஒன்று போட்டது. விற்காமல் கிடங்கில் தேங்கிய 1952-ஆம் வருஷத்துச் சீட்டுகளை 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அவற்றை உருவாக்கிய ஸை பெர்கரே சொல்லியிருக்கிறார். தப்பிப் பிழைத்த இரண்டாம் வருஷத்து மேன்டில் சீட்டு ஒன்று, 2022-ல் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

இதோ, இறங்கும் இடம் வந்துவிட்டது. பெட்ஃபோர்டு அவென்யூவும் சல்லிவன் பிளேஸும் சந்திக்கும் மூலை. எதிரே உயரமான குடியிருப்புக் கட்டடங்கள். அவ்வளவுதான். ஆனால் 1960-ல் இடிக்கும் வரையில் எபெட்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானம் இருந்தது இங்கேதான். 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி ஜாக்கி ராபின்ஸன் இங்கேதான் களத்தில் இறங்கினார். கறுப்பினத்தவருக்குப் பெரிய லீகின் கதவு அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாக அடைத்துக் கிடந்தது. கதவு திறந்தபோது அவருக்கு வயது 28. அந்த வருஷம் முதன்முதலாக ஏற்படுத்திய 'சிறந்த ரூக்கி' பரிசும் அவருக்கே கிடைத்தது.

அவருடைய ரூக்கி கார்டு எது? 1947-லேயே ஒரு ரொட்டிக் கம்பெனி அவர் படத்தைச் சீட்டாகப் போட்டது. ஆனால் அது நாடெங்கும் பரவவில்லை. ஆகவே லீஃப் என்ற கம்பெனி 1948 என்று வருஷம் போட்டு வெளியிட்டதையே வெகு காலமாக ரூக்கி கார்டு என்றார்கள். அதுவும் கடைக்கு வந்தது 1949-ல்தான் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ரொட்டிச் சீட்டே முதல் என்று இப்போது ஒரு கட்சி வாதாடுகிறது. மனிதர் வந்த நாள் நிச்சயம். சீட்டு வந்த நாளில்தான் வழக்கு!

இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜாஷ் கிப்ஸன், கறுப்பினத்தவரின் தனி லீகுகளில் பந்தை விண்ணுக்கு விரட்டியவர். பெரிய லீகின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. ராபின்ஸன் இங்கே இறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 35 வயதில் காலமானார். அந்தத் தனி லீகுகளும் பெரிய லீகுகளே என்று 2020-ல் ஒப்புக்கொண்டார்கள். அவருக்கு அது என்ன பிரயோஜனம்?

பையன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தான்.

"இவர் இன்னும் பெரிய லீகுக்கு வரவில்லை, தாத்தா. வராமலே போய்விட்டால்?"

"ரூக்கி கார்டு கிடையாது, தம்பி. வராமல் போகிறவர்கள்தான் அதிகம்."

"அப்படியானால், முதல் என்று இவருக்கு இருப்பது இது ஒன்றுதானே?"

"ஆமாம்."

அவன் சீட்டைத் துடைத்து, உறையில் போட்டு, பையில் வைத்துக்கொண்டான். காலையில் அதை விற்றுவிடப் போவதாகச் சொல்லியிருந்தான். திரும்பும் வழியில் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அந்த இளைஞர் இப்போது எந்த ஊரில் ஆடுகிறார், இந்த வாரம் எத்தனை முறை அடித்தார் என்ற விவரமெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

அமெரிக்கா போகிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சீட்டு வாங்கி வருவதாக இருந்தால், கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முன்பக்கத்து முத்திரையையும் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் உள்ள வருஷத்தையும் படித்துப் பாருங்கள். ஒழிந்தால், அந்த மூலைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் போய்விட்டு வாருங்கள்.